டாக்டர்களுக்கான குழந்தைகள் ஆஸ்துமா பயிற்சி: போய் வந்த அனுபவம்

அவிநாசிப் பக்கம் பதினேழு வருடமாகக் கிளினிக் வைத்திருக்கிறேன். குழந்தை மருத்துவர் இல்லை, பொது மருத்துவர்தான். மழைக்காலம் ஆரம்பித்துவிட்டால் சாயங்கால வரிசையில் பாதிப் பேர், 'வீசிங்' என்று பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர்களாக இருப்பார்கள். மருந்தைப் புகை மாதிரி ஆக்கித் தரும் நெபுலைசர் மெஷின் வைப்பேன், மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் சிரப் எழுதுவேன், அனுப்பிவிடுவேன். அடுத்த மாதம் அதே பிள்ளை, அதே மெஷின். இது ரொம்ப நாளாக மனதை உறுத்தியது. கோவையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகள் ஆஸ்துமா பற்றி டாக்டர்களுக்குப் பயிற்சி என்று கேள்விப்பட்டதும் பணம் கட்டிவிட்டேன்.

காலை வகுப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஊதச் சொல்லி நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரிக்கு மட்டும் முக்கால் மணி நேரம் போனது. என் போன்றவர்களின் கிளினிக்கில் அந்தக் கருவியே கிடையாது. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அதை ஒழுங்காக ஊதவும் வராது. உருப்படியாகக் குறித்துக்கொண்டது ஒன்று: 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு திணறலை உடனே தணிக்கும் ரிலீவர் பம்பு மட்டும் கொடுத்து அனுப்பும் பழக்கத்தை விடச் சொல்லி, ஆஸ்துமாவுக்கான உலகளாவிய அமைப்பான ஜினாவின் வழிகாட்டுதல் 2019-லேயே மாறிவிட்டது. மூச்சுக்குழாயில் உள்ள வீக்கத்தை ரிலீவர் தொடுவதில்லை. அதற்கு உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு வேண்டும்.

பதினொன்றரைக்கு மேல்தான் நான் கொடுத்த காசுக்கான வகுப்பு தொடங்கியது. மேஜைக்கு ஆறு பேர். மருந்தில்லாத பம்பு, பம்புக்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் ஸ்பேசர் குழாய், முகமூடி, ஒரு பொம்மை. "ஒரு அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி செஞ்சு காட்டுங்க" என்றார் பயிற்சியாளர். நான் செய்தேன். குறுக்கே எதுவும் பேசாமல் கையில் இருந்த தாளில் ஒவ்வொரு படியாக டிக் போட்டுக்கொண்டே வந்தார். முடித்ததும் தாளை என் பக்கம் திருப்பினார். பம்பைக் குலுக்க மறந்திருந்தேன். ஸ்பேசருக்குள் இரண்டு முறை அடுத்தடுத்து அழுத்தியிருந்தேன். முகமூடி பொம்மையின் கன்னத்தோடு ஒட்டாமல் ஒரு ஓரம் தூக்கியிருந்தது. எத்தனை சீட்டில் 'ஸ்பேசரோடு' என்று எழுதியிருப்பேன்! அதில் எத்தனை பிள்ளைகளுக்கு மருந்து நுரையீரல்வரை போயிருக்கும் என்ற நினைப்பு அன்று முழுக்க விடவில்லை.

ஒரு தடவைக்கு ஒரே அழுத்து, பிள்ளை நிதானமாக ஐந்தாறு முறை மூச்சு விட்டு வாங்கிய பிறகுதான் அடுத்தது. ஸ்டீராய்டு எடுத்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசி அப்படியே காற்றில் உலரவிட வேண்டும். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். எங்கள் ஊரில் எல்லா அம்மாக்களும் துடைத்துத்தான் வைப்பார்கள். இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

ஸ்பேசர் வாங்க முடியாதவர்களுக்காக, 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் சூடான கம்பியால் பம்பு வாய் அளவுக்குத் துளை போட்டுப் பசையால் அடைக்கிற முறையையும் காட்டினார்கள். கேப் டவுனில் ஹெதர் ஜார் குழுவினர் இதைச் சோதித்து, மூச்சுத் திணறலோடு வரும் குழந்தைகளுக்குக் கடையில் விற்கும் ஸ்பேசர் அளவுக்கே உதவுகிறது என்று 1999-இல் எழுதியிருக்கிறார்கள்.

மதியம் பேச்சுப் பயிற்சி. ஒருவர் அம்மாவாக, ஒருவர் டாக்டராக. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நோரீன் கிளார்க் குழுவினர் உருவாக்கிய பயிற்சியிலிருந்து எடுத்த முறை இது. அங்கே இரண்டு அமர்வு, ஒவ்வொன்றும் சுமார் இரண்டரை மணி நேரம். பயிற்சி எடுத்த டாக்டர்கள் நோயாளியோடு கூடுதல் நேரம் செலவழிக்கவில்லை என்பதையும் பார்த்திருக்கிறார்கள். 'இவ்வளவு பேச நேரமேது' என்று நானே சொல்லியிருக்கிறேன். இனிச் சொல்ல மாட்டேன்.

"பம்பு பழகிப்போயிருமுங்களா டாக்டரம்மா?" என்று கேட்டால் "அதெல்லாம் இல்லம்மா" என்று ஒரே வார்த்தையில் முடிப்பதுதான் என் வழக்கம். அப்படிச் சொன்னால் பயம் போகாது, பேச்சுதான் நிற்கும் என்று அங்கே புரிந்தது. "எதை நெனச்சுப் பயப்படுறீங்க?" என்று முதலில் கேட்க வேண்டும். வளர்த்தி நின்றுவிடுமோ என்பதுதான் பலருடைய பயம். அதற்கு உண்மையான பதில் இருக்கிறது. சின்ன வயதில் சில வருடம் புடெசொனைடு என்ற ஸ்டீராய்டை இழுத்தவர்கள் பெரியவர்களானபோது உயரம் அதை இழுக்காதவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைந்திருந்தது என்று 2012-இல் ஒரு அமெரிக்க ஆய்வு சொன்னது. இதை மறைக்காமல் சொன்னால் அம்மாக்கள் புரிந்துகொள்கிறார்கள்.

இன்னொன்று, 'ஆஸ்துமா' என்ற பெயர். வீட்டார் பயப்படுவார்கள் என்று நாங்கள் 'வீசிங்', 'அலர்ஜி' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். சளிதானே என்று நினைக்கிற அம்மா, இருமல் நின்றதும் மருந்தை நிறுத்தாமல் என்ன செய்வாள்?

குறைகளும் உண்டு. எந்த நிலையில் என்ன செய்ய வேண்டும் என்று வீட்டாருக்குச் சொல்லும் ஆக்ஷன் பிளான் தாளைக் கையில் கொடுத்தார்கள், முழுக்க ஆங்கிலம். நர்ஸைக் கூட்டி வரலாமா என்று கேட்டதற்கு டாக்டர்களுக்கு மட்டும் என்றுவிட்டார்கள். பம்பு பிடிக்கச் சொல்லித் தருவது என் கிளினிக்கில் சிஸ்டர்தான். அப்புறம், ஒரு நாளோடு கதை முடிந்துவிடுகிறது. மூன்று மாதம் கழித்து ஒரு மணி நேரம் திரும்பக் கூப்பிட்டு அதே தாளில் டிக் போட்டுப் பார்க்க வேண்டாமா?

அடுத்த வாரமே ஒரு பையன் வந்தான். எட்டு வயது, மாதம் தவறாமல் வருகிறவன். வீட்டில் இருக்கிற மருந்தையெல்லாம் பையில் போட்டு எடுத்து வரச் சொன்னேன். "நீ எப்படி இழுப்பே, காட்டு கண்ணு" என்றேன். உதட்டை மூடாமல் அடித்தான். புகை மாதிரி வெள்ளையாக முழுவதும் வெளியே போனது. அவன் அம்மா, "இப்படித்தானுங்க ஆறு மாசமா" என்றார். ஸ்பேசர் வைத்துச் சொல்லிக் கொடுக்க ஏழு நிமிடம் ஆனது. சிரப்பை நிறுத்தினேன். மூன்று மாதம் கழித்து, கபடியில் விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டு வந்தான். நெஞ்சில் ஸ்டெத் வைத்தேன், சத்தமே இல்லை.

ஐந்துக்கு நான்கு தருவேன். பொது மருத்துவர்கள் கட்டாயம் போங்கள், காலையில் தாமதமாகப் போனாலும் பரவாயில்லை. ஆக்ஷன் பிளானைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி நடத்தியவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். அடுத்த முறை சிஸ்டருக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.