84 பரிசோதனை என்று சொல்லி 148,500 ரூபாய்: இந்திய ஃபுல் செக்கப் பெக்கேஜுக்குக் காசு கட்டும் முன் வாசியுங்கள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளைப் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். தமிழ்நாட்டுக்குக் கூட்டிப் போய் முழு உடம்பையும் பரிசோதித்து, ஸ்பெஷலிஸ்ட் டொக்டரிடம் காட்டி அனுப்புகிறோம் என்று முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் விளம்பரம் போடும் ஓர் இடைத்தரகு சேவையிடம் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இருவருக்காகக் கட்டிய காசு 148,500 ரூபாய். விமான டிக்கெட், விசா இதில் சேராது. 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் கணக்குப் போட்டால் முழுசாக 110 பேர், அதாவது 110 நாள் வேலை. கொழுந்து எடுத்த கைகளுக்குத்தான் தெரியும், அரைப் பேர் இல்லாமல் 110 பேர் விழுவது எப்படி என்று.

இவர்கள் யாரைத் தேடி வருகிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலையை விட்டு நின்று ஈபிஎஃப் காசு கைக்கு வந்த வீடுகள்தான் குறி. நம்மில் பலருக்கு 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் போன உறவுகள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கிறார்கள். "சொந்தத்தைப் பார்த்த மாதிரியும் ஆச்சு, உடம்பைப் பார்த்த மாதிரியும் ஆச்சு" என்பதுதான் விளம்பர வரியே. கேட்கும் பெரியவர்களுக்கு மனசு இளகாமல் எப்படி இருக்கும்?

நம்பிக்கை வந்தது விளம்பரத்தால் அல்ல. அம்மாவின் கிளினிக் கொப்பியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அரை மணி நேரத்தில் குரல் பதிவு வந்தது. "அக்கா, நானும் தோட்டத்துப் பிள்ளைதான். அம்மா மெட்ஃபோர்மின் போட்டு ரொம்ப வருஷமாகுது, கால் மரத்துப்போகுதுன்னும் எழுதியிருக்கு. பி12 கட்டாயம் பார்க்கணும். நம்ம பெக்கேஜ்ல அது இருக்கு, கவலைப்படாதீங்க." சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மெட்ஃபோர்மின் என்ற சீனி வருத்த மாத்திரையை நீண்ட காலம் குடிப்பவர்களுக்கு உடம்பில் பி12 விட்டமின் குறையலாம். குறைந்தால் கால் மரத்துப்போவதும் எரிவதும் வரும். அதைச் சீனி வருத்தத்தால் நரம்பு கெட்டது என்று நினைத்து விட்டுவிட்டால் சரியாகக் கூடியதும் சரியாகாமல் போகும். இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்றுவாரா என்றுதான் முதலில் 50,000, பிறகு 98,500 என்று இரண்டு தடவையாக வங்கியின் காசு வைப்பிடும் மெஷினில் போடப்பட்டது. கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில். ரசீது "ஒஃபிஸில் இருந்து வரும்" என்றார்கள். இன்றுவரை வரவில்லை.

இனி அங்கே நடந்தது. ஆஸ்பத்திரி என்று சொல்லிக் கூட்டிப் போன இடம் மாடிப்படியேறிப் போகும் ஒரு சின்ன ரத்தம் எடுக்கும் நிலையம். நேரம் காலை 11 மணி தாண்டிவிட்டது. வெறும் வயிற்றில் வர வேண்டும் என்று முதல் நாள் யாரும் சொல்லவில்லை. லொட்ஜில் இருவரும் சீனி போட்டுப் பால் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் வந்தார்கள். எடுக்கும் பிள்ளையிடம் அதைச் சொன்னபோது "பரவாயில்லை" என்று பதில். பரவாயில்லையா? வெறும் வயிற்றுச் சீனிக்குக் குறைந்தது 8 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் குடிக்கக் கூடாது. ட்ரைகிளிசரைட் என்ற ரத்தக் கொழுப்பும் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும். ரிப்போர்ட்டில் அந்தச் சீனி 178 என்று வந்து, பக்கத்தில் வெறும் வயிறு என்றே அச்சடித்திருந்தது. இதை நம்பி ஒரு டொக்டர் மாத்திரையைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

தட்டில் இருந்த குழாய்கள் ஆளுக்கு இரண்டே இரண்டு: ஊதா மூடி ஒன்று, மஞ்சள் மூடி ஒன்று. ஊதா மூடிக்குள் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து இருக்கும். ரத்த அணு எண்ணிக்கைக்கும், கடைசி இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் ஹெச்பிஏ1சிக்கும் அதுதான். மஞ்சள் மூடி ஈரல், சிறுநீரகம், கொழுப்பு, தைரொய்ட் பார்க்க. சீனிக்கு வழக்கமாக எடுக்கும் சாம்பல் மூடிக் குழாய் இல்லவே இல்லை. அதில் ஃபுளோரைட் இருக்கும். அது இல்லாத குழாயில் ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்காமல் வைத்தால் அணுக்கள் சீனியைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். எடுத்த குழாய்கள் மாலையில் வேன் வரும் வரை அப்படியே ஸ்டாண்டில் நின்றன. தேத்தண்ணியால் ஏறியது ஒரு பக்கம், காத்திருந்ததால் இறங்கியது இன்னொரு பக்கம். 178 என்ற அந்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை. ஹெச்பிஏ1சி ஒன்றுதான் இந்த இரண்டுக்கும் அசையாது. அந்த ஒரு வரிக்காகக் கடல் தாண்ட வேண்டியதில்லை.

84 பரிசோதனை என்ற எண்ணுக்கு வருவோம். எனக்கு அதிகக் கோபம் வருவது இங்கேதான், ஏனென்றால் இந்த எண்ணைப் பார்த்துத்தான் எல்லாரும் விழுகிறார்கள். ஒரு குழாய் ரத்த அணுப் பரிசோதனையே 24 வரியாக அச்சாகும். கொழுப்பில் 8 வரி போட்டிருக்கிறார்கள். பெரும்பாலான லெப்களில் மெஷின் அளப்பது மொத்தக் கொலஸ்ட்ரோல், ஹெச்டிஎல் என்ற நல்ல கொழுப்பு, ட்ரைகிளிசரைட் என்ற மூன்றை மட்டும். மற்றதெல்லாம் கூட்டல் கழித்தல். மொத்தம் 212, ஹெச்டிஎல் 42, ட்ரைகிளிசரைட் 190 என்றால், 190ஐ 5ஆல் வகுத்தால் 38, அதுதான் விஎல்டிஎல். 212இல் 42ஐயும் 38ஐயும் கழித்தால் 132, அதுதான் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு. நீங்களே காகிதத்தில் போடலாம். ட்ரைகிளிசரைட் 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கே செல்லாது, அதைக்கூட எந்த விளம்பரமும் சொல்லாது. சிறுநீரகப் பகுதியில் யூரியாவை 2.14ஆல் வகுத்து பியூஎன் என்று இன்னொரு வரி, கிரியட்டினினோடு வயதைச் சேர்த்துக் கணக்கிட்டு இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) என்று இன்னொரு வரி. ஈரலில் மொத்தப் புரதத்தில் அல்புமினைக் கழித்து குளோபுலின். ஹெச்பிஏ1சியைப் பெருக்கிக் கழித்து "சராசரிச் சீனி". இவை டொக்டருக்கு உதவும் எண்கள்தான், குறை சொல்லவில்லை. தனித்தனிப் பரிசோதனை என்று எண்ணிக் காசு வாங்குவதுதான் களவு.

பட்டியலில் இருந்து காணாமல் போனவை எவை தெரியுமா? பி12, டி விட்டமின், இரும்புச்சத்து சம்பந்தப்பட்ட நான்கு. மொத்தம் ஆறு. இருப்பவற்றில் விலை கூடினவை இவைதான். ஆறு குறைந்தும் ரிப்போர்ட்டில் எண்ணிக்கை 84ஆகவே இருந்தது. எப்படி என்று வரி வரியாக எண்ணிப் பார்த்தால் உயரம், எடை, பிஎம்ஐ, பிரஷர், நாடித்துடிப்பு, ரத்த வகை என்று ஆறு வரி. உயரத்தை அளந்ததும் ஒரு பரிசோதனையாம். கிளினிக் கொப்பியைப் பார்த்து "பி12 கட்டாயம்" என்று சொன்ன அதே ஆட்கள், அந்தப் பி12ஐயே எடுக்காமல் அனுப்பியிருக்கிறார்கள்.

இதயம் பார்க்கும் எக்கோ மெஷின் பழுது. ஸ்கேனுக்குத் தனிக் காசு. இரண்டு ஸ்பெஷலிஸ்ட் என்றது ஒரு டியூட்டி டொக்டராகச் சுருங்கியது. அவரும் பார்த்தது ரத்தம் எடுத்த அன்று மதியம். ரிப்போர்ட் வந்தது மறுநாள் இரவு, பிடிஎஃப்பாக. ரிப்போர்ட் இல்லாமல் டொக்டர் எதைப் பார்ப்பார்? பிரஷர் பார்த்தார், சத்து மாத்திரை எழுதினார், கீழே இருக்கும் மருந்துக்கடையில் வாங்கச் சொன்னார். அவ்வளவுதான் அந்த ஸ்பெஷலிஸ்ட் ஆலோசனை.

அதே நிலையத்தின் சுவரில் விலைப்பட்டியல் ஒட்டியிருந்தது. யாரும் நேராக நடந்து வந்து எடுக்கக்கூடிய செக்கப், ஆளுக்கு 1,999 இந்திய ரூபாய். நம் காசில் மூன்றரை ரூபாய்க் கணக்கில் கிட்டத்தட்ட 7,000, இருவருக்கும் 14,000. டொக்டருக்கு ஆளுக்கு 500 இந்திய ரூபாய் என்று வைத்தாலும் 3,500. லொட்ஜ் மூன்று இரவு, ஏர்போர்ட் வாகனம் இரண்டு பக்கமும் சேர்த்து 23,000 சொச்சம். எல்லாம் கூட்டினால் 41,000 கூட வராது. வாங்கியது 148,500. ஒரு லட்சத்துக்கு மேல் வெறும் போன் பேச்சுக்குப் போயிருக்கிறது.

கேட்டதற்கு வந்த பதில்களை வரிசையாகத் தருகிறேன், இதே வசனங்கள் உங்களுக்கும் வரும். "அக்கா, அங்க ஆள் மாறிட்டாங்க, நான் பேசுறேன்." பிறகு, "சனிக்கிழமை கணக்குப் பிரிவு இல்லை." பிறகு, காசு திரும்பக் கேட்கும் படிவம் ஒன்று, அதோடு அசல் ரசீதை இணைக்க வேண்டுமாம், அவர்களே தராத ரசீதை. பிறகு, "இந்தியப் பக்கம் நடந்ததுக்கு நாங்க பொறுப்பில்லை, நாங்க ஏற்பாடு மட்டும்தான்." பிறகு, "ரிப்போர்ட் கையில வந்திருச்சே, சேவை முடிஞ்சிருச்சு." பி12 எங்கே என்று திரும்பத் திரும்பக் கேட்டதற்கு, அடுத்த பெக்கேஜில் 10 சதவீதம் குறைத்துத் தருவதாகச் சொன்னார்கள். நேற்று இரவு வட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். "தோட்டத்துப் பிள்ளை" இப்போது போன் எடுப்பதில்லை.

எப்படிப் பார்த்துத் தெரிவு செய்வது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

சாதாரண சீனி, கொலஸ்ட்ரோல், பிரஷர் பார்க்க இந்தியா வரை போக வேண்டாம். அரச வைத்தியசாலையில் ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர் என்று பலகை போட்ட இடத்தில் 35 வயதைக் கடந்தவர்களுக்கு இலவசமாகவே பார்க்கிறார்கள். பி12 போன்றதைப் பெரும்பாலும் வெளி லெப்பில்தான் எடுக்க வேண்டியிருக்கும். கிளினிக் டொக்டரிடம் துண்டு எழுதி வாங்கி அது ஒன்றை மட்டும் எடுங்கள்.

உறவினரைப் பார்க்கப் போகும்போது அங்கே எடுப்பதென்றால் இடையில் ஆள் வேண்டாம். நேராக லெப்புக்குப் போங்கள், லெப்களின் தரத்துக்கு இந்தியாவில் கொடுக்கும் என்ஏபிஎல் முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். எத்தனை பரிசோதனை என்று கேட்காதீர்கள். பெயர் பெயராக எழுதி வாங்குங்கள். பெரிய ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு விலை வேறு, அதையும் முதலே கேளுங்கள். டொக்டர் சந்திப்பை ரிப்போர்ட் வந்த பிறகு வையுங்கள். சீனி வருத்தத்துக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களைப் பட்டினியோடு மதியம் வரை காக்க வைக்க விடாதீர்கள், சீனி இறங்கி மயங்கிவிடுவார்கள். காலையில் முதல் ஆளாக எடுக்கச் சொல்லுங்கள், மாத்திரையை எப்போது போடுவது என்று டொக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

தனி ஆளின் கணக்குக்குக் காசு போடாதீர்கள். முழுக் காசையும் முன்னால் கட்டாதீர்கள். ரசீது கையில் வராமல் இரண்டாம் தவணை கட்டாதீர்கள்.

ஏற்கனவே கட்டி ஏமாந்தவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம், தொலைபேசி 1977. சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், அதைத் தாண்ட விடாதீர்கள். எங்கள் 148,500 ரூபாய்க்கான முறைப்பாடு வங்கித் துண்டுகள், குரல் பதிவுகள், ஆறு வரி குறைந்த அந்த ரிப்போர்ட் எல்லாவற்றோடும் இந்த வாரம் போகிறது. இதே 84 பட்டியல் உங்களுக்கும் வந்திருந்தால் வட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். குழுவில் இருந்து நீக்கும் முன்பே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.