மாந்தோப்புக்குள் டிரெய்லரை விட்டு, டிராக்டருக்கு மூவாயிரம் தண்டம் அழுத கதை

கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் நடுவில் "கேரவன் நிறுத்த இடம் இருக்குது, கரண்ட் இருக்குது, தண்ணி இருக்குது" என்று யாராவது உங்களுக்கு வீடியோ அனுப்பினால், அட்வான்ஸ் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். போன மார்கழிக் கடைசியில் எங்களுக்கு நடந்தது. இடத்தின் பெயரையோ ஆளின் பெயரையோ எழுதப்போவதில்லை. கையில் ரசீது இல்லாதவன் பெயர் சொன்னால் நாளைக்கு நான்தான் கோர்ட்டுப் படி ஏறவேண்டும். ஆனால் அவர்கள் செய்கிற விதம் தெரிந்துவிட்டால் எந்தத் தோப்பிலும் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

எங்களுக்கு ஈரோடு. மகள் பெங்களூரில். அம்மாவுக்கு 74 வயது, இரண்டு முட்டியும் போய்விட்டது. வழியில் இருக்கிற கழிப்பறைகளில் அவரால் உட்கார்ந்து எழ முடியாது. அதற்காகத்தான் காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற இந்தக் கேரவன் டிரெய்லரை இரண்டாம் கையாக வாங்கினேன். 16 அடிப் பெட்டி, உள்ளே ஒரு படுக்கை, ஒரு சமையல் மேடை, வெஸ்டர்ன் டாய்லெட். ஊரில் எல்லோரும் "வீட்டையே இழுத்துட்டுப் போறான்" என்று சிரித்தார்கள், சிரிக்கட்டும். பொலிரோவையும் இழுகம்பியையும் சேர்த்து அளந்தால் 33 அடி வரும். இந்த 33 அடியை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பொங்கலுக்கு ஊர் திரும்புகிறோம். மதியம் இரண்டு மணிக்கே கிளம்பியும் சில்க் போர்டு, எலெக்ட்ரானிக் சிட்டி, அத்திப்பள்ளி, ஓசூர் என்று ஊர்ந்து ஊர்ந்து கிருஷ்ணகிரி டோல்கேட்டைத் தாண்டும்போது மணி ஏழு. நேராகப் போய்விடலாமே என்று கேட்பீர்கள். நடுவில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. தருமபுரியிலிருந்து சேலம் போகிறவர்களுக்கு அது முழுக்க இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்குகிற லாரி, பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகிற லாரி, இவை இரண்டும் அங்கே தினசரிச் செய்தி. என் டிரெய்லரில் இருப்பது ஓவர்ரன் பிரேக். வண்டி வேகம் குறைந்தால் டிரெய்லர் முன்னால் வந்து முட்டும், அந்த முட்டலில்தான் அதன் பிரேக் பிடிக்கும். நீண்ட இறக்கத்தில் முட்டிக்கொண்டே வந்தால் அதுவும் சூடேறும். பின்னால் 900 கிலோவைக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் அம்மாவை வைத்துக்கொண்டு, இருட்டில் அதை இறங்க எனக்குத் துணிச்சல் இல்லை. அதனால் காவேரிப்பட்டணத்தை ஒட்டி எங்காவது தங்கிவிட்டு, விடிந்ததும் இறங்குவது என்று முடிவு.

இடம் மூன்று நாள் முன்னாலேயே பேசி வைத்ததுதான். ஒரு தெரிந்தவருக்குத் தெரிந்தவர் கொடுத்த நம்பர். வீடியோவில் மாமர நிழல், சீரியல் விளக்கு, கயிற்றுக் கட்டில், பிளக் பாயிண்ட். இரவுக்கு 1,200, முன்பணம் 600. நான் கேட்ட கேள்விகளை இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது: சுடுதண்ணீர் கிடைக்குமா, நாய் இருக்குமா, காலையில் இட்லி கிடைக்குமா. 33 அடி வண்டி உள்ளே வந்தால் எங்கே திரும்பும் என்று கேட்கவேயில்லை. பணம் அனுப்பும்போது வேறு பெயர் வந்தது. "மச்சான் நம்பருங்க சார், ஒண்ணும் பயப்படாதீங்க" என்றார் தோப்புக்காரர். பயப்பட்டிருக்க வேண்டும்.

சர்வீஸ் ரோட்டில் ஒரு பையன் பைக்கில் டார்ச்சோடு நின்றான். நிறுத்தி இறங்கி ஒரு பார்வை பார்க்கலாம் என்றால், "பின்னாடி லாரி வருதுணா, வந்துடுங்க வந்துடுங்க" என்று விரட்டினான். இடதுபக்கம் ஒரு மண் பாதை. ஒரு வண்டி மட்டும் போகலாம். நானூறு மீட்டர் உள்ளே போனால் இரண்டு கல்தூண் கேட். தனிக் கார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நுழையலாம். வால் உள்ள வண்டி அந்தத் திருப்பத்தில் உள்பக்கத் தூணை உரசிக்கொண்டுதான் வரும். உரசியது. அடுத்து மாங்கிளைகள். கூரைமேல் இருக்கிற ஏ.சி. மூடியில் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. மனைவி, "ஏனுங்க, நிறுத்துங்க" என்கிறாள். பையன் முன்னால் டார்ச்சை ஆட்டி, "இன்னும் கொஞ்சம்ணா, இன்னும் கொஞ்சம்" என்கிறான்.

அந்த இன்னும் கொஞ்சத்தில்தான் இடது சக்கரம் இறங்கியது.

பத்து நாளாக மழை இல்லை. ஆனால் தரை வெல்லப்பாகு மாதிரி இருந்தது. டிரெய்லர் இடதுபக்கம் சாய்ந்து அச்சு வரை புதைந்துவிட்டது. முன் பாரம் 70 கிலோவையும் தாங்குகிற ஜாக்கி வீலை, அதாவது இழுகம்பியில் இருக்கிற சின்னச் சக்கரத்தை, கீழே இறக்கிப் பொலிரோவிலிருந்து டிரெய்லரைக் கழற்றப் பார்த்தால், அதுவும் சேற்றில் சத்தமில்லாமல் உள்ளே போனது. தோப்புக்காரர் வந்தார். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை, அதுதான் எனக்கு உறுத்தியது. "அட, சிக்கிடுச்சா. காலையில டிராக்டர் வரும் சார், இழுத்துடலாம். இப்ப நிம்மதியாத் தூங்குங்க" என்றார்.

நிம்மதியாக எங்கே தூங்குவது? பெட்டி சாய்ந்திருந்தால் படுக்கை சாய்ந்திருக்கும், டாய்லெட் சாய்ந்திருக்கும். அம்மாவைப் பொலிரோவின் பின் சீட்டில் படுக்க வைத்தோம். எந்தக் கழிப்பறைக்காக இத்தனை பணம் கொட்டி வண்டி வாங்கினேனோ, அதை அன்றைக்கு அவரால் பயன்படுத்த முடியவில்லை. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் பணம் சம்பந்தப்பட்டது, போகட்டும். இதை மட்டும் இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

கரண்ட் கதையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதில் உயிரே போகலாம். வீடியோவில் காட்டிய பிளக் பாயிண்ட் நாங்கள் நின்ற இடத்தில் இல்லை. மோட்டார் ரூமிலிருந்து ஒரு மஞ்சள் வயரை இழுத்து வந்தார்கள்; நடுவில் இரண்டு இடத்தில் ஒட்டு, அதில் ஒன்று ஈரத்தரையில் கிடந்தது. செருகிய இரண்டு நிமிடத்தில் மனைவி அலுமினியக் கதவைத் தொட்டுவிட்டு "சுர்ருங்குது" என்று கையை உதறினாள். டெஸ்டரை எடுத்து பெட்டியின் உடம்பில் வைத்தேன். விளக்கு எரிந்தது. கதவில், படிக்கட்டில், இழுகம்பியில், எங்கே வைத்தாலும் எரிந்தது. வயருக்கு எர்த்தே கிடையாது, இரண்டே இரண்டு கம்பிதான் ஓடியிருக்கிறது. எர்த் இல்லாவிட்டால் டிரெய்லரின் பேட்டரி சார்ஜரிலிருந்து கசிகிற சொற்பக் கரண்ட்டுக்குக்கூட இறங்க வழி கிடையாது, உலோகப் பெட்டியில்தான் நிற்கும். ரப்பர் டயர்மேல் நிற்கிற பெட்டி வேறு. ஈரத்தரையில் செருப்பில்லாமல் நின்று கதவைத் திறக்கிறவர்தான் அங்கே எர்த். சொற்பமாகக் கசிந்தால் சுர்ரென்று போய்விடும். உள்ளே எங்காவது ஒரு கம்பி உரிந்து உடம்பைத் தொட்டிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். இரவு முழுக்க 12 வோல்ட் பேட்டரியில் ஒரு சின்ன ஃபேன், ஒரு விளக்கு. அவ்வளவுதான்.

அது கிணற்று மோட்டார் சர்வீஸ் என்பது காலையில்தான் தெரிந்தது. அந்த ரூமில் மீட்டரையே காணோம். விவசாயப் பம்புசெட்டுக்கு அரசு இலவசமாகக் கொடுக்கிற கரண்ட். அதை வாடகை வாங்கிக்கொண்டு வந்து தங்குகிற வண்டிக்கு இழுத்துக் கொடுத்தால் குற்றம். ஆனால் எனக்கு அதற்கும் பில் வந்தது.

விடியற்காலையில் அம்மா குச்சியை ஊன்றிக்கொண்டு ஒரு சுற்று நடந்தார். அம்மா காட்டில் மண் கொத்தி வளர்ந்தவர். மரங்களை அண்ணாந்து பார்த்தார். அப்போதுதான் பூங்கொத்து எட்டிப் பார்க்கிற நேரம். "ஏஞ்சாமி, பூ எடுக்கற மாசத்துல மாமரத்துக்கு யாராச்சும் தண்ணி கட்டுவாங்களா?" என்று கேட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பூ வருவதற்கு முன்னால் இரண்டு மூன்று மாதம் மாவைக் காயப்போடுவார்கள். காய் பிடித்த பிறகுதான் தண்ணீர். பெங்களூராவும் செந்தூராவும் விளைகிற கிருஷ்ணகிரிச் சீமையில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நடந்து பார்த்தேன். மரத்துப் பாத்தியெல்லாம் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. வண்டி வரும் தடத்தில் மட்டும் ஒரு முப்பது அடிக்கு ஈரம். அதில் எங்கள் தடத்துக்குப் பக்கத்திலேயே ஆழமான பழைய தடம் ஒன்று, அதன்மேல் டிராக்டர் டயர் பதிந்து காய்ந்திருந்தது. வேண்டுமென்றே தண்ணீர் விட்டார்கள் என்று என்னால் நிரூபிக்க முடியாது. குழாய் உடைந்திருந்தது என்றுகூட அவர் சொல்லலாம். நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

"காலையில வரும்" என்ற டிராக்டர் மோட்டார் ரூமுக்குப் பின்னால்தான் ராத்திரி முழுக்க நின்றிருந்தது. இழுக்க மூவாயிரம். ஐந்நூறு தருகிறேன் என்றேன். "அப்ப வேற ஆளைக் கூப்பிட்டுக்கோங்க சார்" என்று சிரித்தார். நெடுஞ்சாலையில் நின்றால் 1033 என்ற நெடுஞ்சாலை உதவி எண்ணைக் கூப்பிடலாம். தோப்புக்குள் நின்றால் தோப்புக்காரர் வைத்ததுதான் சட்டம். வெளியிலிருந்து வேறு டிராக்டரை அந்தக் கேட்டுக்குள் விடப்போவது யார்? இழுக்கிறபோதும் இழுகம்பிச் சட்டத்தில் கயிறு போடு என்று நான் கத்தக் கத்த, அந்த ஆள் ஜாக்கி வீல் தண்டில் கட்டி இழுத்து அதை வளைத்துவிட்டான்.

பில் என்று ஒன்று கேட்டேன். தினசரி காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். தங்க 1,200. "பின்னாடி வண்டி" 600. கரண்ட் 450. டிராக்டர் 3,000. ஆகமொத்தம் 5,250, முன்பணம் போக 4,650. பின்னாடி வண்டி என்றால் என்ன என்று கேட்டதற்கு, "முன்னாடி ஒரு வண்டி, பின்னாடி ஒரு வண்டி, ரெண்டு வண்டி தானே சார்" என்றார். கேரவன் நிறுத்தும் இடம் என்று விளம்பரம் போட்டவர் இப்படிக் கேட்கிறார்! மிச்சப் பணத்தை ரொக்கமாகத்தான் வாங்கினார். ஊருக்கு வந்து 1915 நுகர்வோர் எண்ணில் புகார் சொல்ல உட்கார்ந்தபோது என்னிடம் இருந்த ஆதாரம், மச்சான் பெயருக்குப் போன 600 ரூபாயும், ராசிபலன் அச்சடித்த ஒரு காலண்டர் தாளும்தான்.

டிரெய்லர் இழுப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: தார் ரோட்டை விட்டுச் சக்கரம் இறங்குவதற்கு முன்னால் நீங்கள் இறங்குங்கள். பின்னால் லாரி வருகிறது என்று யார் விரட்டினாலும் சரி. கேட் வரைக்கும், கேட்டிலிருந்து நிறுத்துகிற இடம் வரைக்கும் நடந்து போய், குதிகாலால் தரையை அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தால் திரும்பிவிடுங்கள், அட்வான்ஸ் போனால் போகட்டும். தனிக் காராக இருந்தால் ரிவர்ஸ் எடுத்து வந்துவிடலாம். டிரெய்லரில் ஸ்டியரிங்கை இடதுக்கு ஒடித்தால் வால் வலதுக்குப் போகும். நானூறு மீட்டர் மண் பாதையை இருட்டில் அப்படி ரிவர்ஸ் எடுக்கிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. உள்ளே போனபடியே முன்முகமாக வெளியே வர வட்டமடிக்க முடியாத இடத்தில் சொர்க்கமே இருந்தாலும் எனக்கு வேண்டாம். போனில் பேசும்போதே, தார் ரோட்டிலிருந்து நிறுத்தும் இடம் வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மழுப்பினால் அடுத்த நம்பரைப் பாருங்கள். டெஸ்டர் நூறு ரூபாய்கூட ஆகாது, கையோடு வையுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள், இதை மட்டும் அன்றைக்கு என்னால் செய்ய முடியவில்லை.

மாற்று என்ன என்று கேட்பவர்களுக்கு. மாசியில் மறுபடி போனபோது தருமபுரிக்கு முன்னால் ரோட்டோரம் ஒரு கல்யாண மண்டபத்தில் கேட்டேன். யோசனை மனைவியுடையது. கல்யாண வேன், பஸ் எல்லாம் வந்து திரும்புகிற இடம், அகலமான கேட், சிமெண்ட் தரை, தண்ணீர், வாட்ச்மேன். முகூர்த்தம் இல்லாத நாளில் சும்மாதானே கிடக்கிறது. மேனேஜர் முதலில் விளங்காமல் விழித்தார், வந்து பெட்டியைப் பார்த்ததும் அவருக்கே ஆசை வந்துவிட்டது. 500 ரூபாய் வாங்கிக்கொண்டு ரசீதும் கொடுத்தார். ஆடியிலும் மார்கழியிலும் மண்டபமெல்லாம் காலியாகத்தான் இருக்கும். அது கிடைக்காவிட்டால் லாரிகள் வரிசையாக நிற்கிற பெரிய பெட்ரோல் பங்க். சத்தம் இருக்கும், தூக்கம் பாதிதான். ஆனால் அங்கே யாரும் டிராக்டர் வைத்திருக்கமாட்டார்கள்.

போன வாரம் சேலத்து நண்பர் ஒருவர், "இந்த இடம் நல்லா இருக்கும் போல, போகலாமா?" என்று கேட்டு ஒரு வீடியோ அனுப்பினார். அதே மாமர நிழல், அதே சீரியல் விளக்கு, அதே கயிற்றுக் கட்டில். நானும் அன்றைக்குப் பத்துத் தடவையாவது பார்த்த வீடியோதான். இந்தத் தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கட்டிலைத் தாண்டி, மோட்டார் ரூம் சுவருக்குப் பின்னால் டிராக்டரின் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது. பம்பரில் கயிறு சுற்றித் தயாராக இருக்கிறது.