120 நாள் என்றால் எத்தனை வாரம்? பிரிக்பீல்ட்ஸ் வகுப்பு ஒன்றின் மதிப்புரை

கருக்கலைப்பு பற்றிச் சமயங்கள் என்ன சொல்கின்றன, சமயம் சாராதவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் முழுக்கத் தமிழிலேயே நடத்தும் வகுப்பு. மூன்று மணி நேரம், 30 வெள்ளி. கொடுத்த காசுக்கு மோசமில்லை. ஆனால் கையேட்டை அப்படியே நம்ப வேண்டாம்.

முதல் கோளாறு கணக்கில். இஸ்லாமியச் சமயத் தீர்ப்பு சொல்லும் மலேசியாவின் தேசிய ஃபத்வா மன்றம் 2002இல் வைத்த எல்லை 120 நாள். அதைத் தாண்டினால், தாயின் உயிருக்கு ஆபத்து இருந்தால்தான் கலைக்கலாம். கையேடு இதை 17 வாரமாக்கி, பக்கத்திலேயே ஸ்கேன் அட்டவணையைப் போட்டிருக்கிறது. டாக்டர் எண்ணுவது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. 120 நாள் கணக்கோ கரு உண்டானதிலிருந்து. நடுவில் ஏறக்குறைய 14 நாள். ஸ்கேன் தாளில் அது 19 வாரம் 1 நாள் என்று வரும்.

அடுத்தது சட்டம். ‘பலாத்காரத்தால் உண்டான கருவைக் கலைக்கச் சட்டம் இடம் தருகிறது’ என்று ஒரு வரி. குற்றவியல் சட்டம் 312ஆம் பிரிவின் 1989 திருத்தத்தில் பலாத்காரம் என்ற சொல்லே இல்லை. கர்ப்பம் தொடர்ந்தால் பெண்ணின் உயிருக்கோ உடல், மன நலத்துக்கோ வரும் கேடு, கலைப்பதால் வருவதைவிட அதிகம் என்று பதிவுபெற்ற மருத்துவர் நல்லெண்ணத்தோடு கருத வேண்டும். பலாத்காரமும் அந்த மனநல வாசல் வழியாகத்தான் உள்ளே வர முடியும்.

இந்து சமயப் பகுதிதான் வகுப்பின் பலம். ‘பாவம்’ என்று ஒற்றைச் சொல்லில் முடிக்கவில்லை. ஜீவன் கருத்தரிக்கும்போதே சேர்கிறது என்பது பழைய ஆயுர்வேத ஆசிரியர் சரகரின் கட்சி. இன்னொரு ஆயுர்வேத ஆசிரியர் சுஸ்ருதர், நான்காம் மாதத்தில் இதயம் தெளிந்து உணர்வு வெளிப்படுகிறது என்று சொல்லி, கர்ப்பிணியை ‘இரு இதயம் உடையவள்’ என்கிறார். மசக்கை ஆசையைத் தட்டக்கூடாது என்று பாட்டிமார் சொல்வதும் இதே கருத்துதான். கரு வளர்ச்சியைச் சொல்லும் கர்ப்போபநிஷத்தோ, ஜீவன் சேர்வது ஏழாம் மாதம் என்கிறது. கத்தோலிக்க நிலை ஐந்தே நிமிடம். கருத்தரிப்பிலிருந்தே உயிர் என்பதில் கிளைகள் குறைவு, போதும்.

சமயம் சாராத பகுதி பாதிக் கிணறு. தத்துவ அறிஞர் ஜூடித் ஜார்விஸ் தாம்சன் 1971இல் வைத்த வாதத்தை அழகாக விளக்குகிறார்கள்: கரு ஒரு மனிதர்தான் என்று ஒப்புக்கொண்டாலும், இன்னொருவர் உடலைப் பயன்படுத்தும் உரிமை அதற்குத் தானாக வந்துவிடாது. எதிர்ப்பக்கம் இன்னொரு தத்துவ அறிஞர் டான் மார்க்விஸ் 1989இல், கடவுள் பெயரே இழுக்காமல், கலைப்பது ஒரு எதிர்காலத்தைப் பறிப்பது என்றார். அவரைப் பற்றி மூச்சே இல்லை. அதனால் எதிர்ப்பவர் எல்லாரும் பக்தர், ஆதரிப்பவர் எல்லாரும் நாத்திகர் என்ற எண்ணத்தோடு ஆட்கள் வெளியே போகிறார்கள்.

கேள்வி நேரம் 15 நிமிடம்தான். கேட்க வேண்டியதை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போங்கள்.