பாக்கி வசூலுக்குத் திவால் சட்டமா, கவுன்சிலா?

பம்ப்செட் கம்பெனி ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மெஷின் ஓடுகிறது, ஏழாம் தேதி சம்பளம் போய்விடுகிறது. உதிரிபாகம் வார்த்துத் தந்த பவுண்டரிக்கு மட்டும் பதினெட்டு மாதமாக 1.20 கோடி ரூபாய் பாக்கி. "திவால் சட்டத்தில் நோட்டீஸ் விடுங்க, தானா வருவாங்க" என்று யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள்.

பயமுறுத்த அது நல்ல ஆயுதம்தான். 2016-ம் வருடச் சட்டப்படி நோட்டீஸ் கிடைத்த பத்து நாளுக்குள் பதில் தர வேண்டும். பாக்கி ஒரு கோடியைத் தொட்டிருந்தால் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கம்பெனி நொடித்துவிட்டதா என்று அங்கே கேட்பதில்லை. தவணை தவறியதா என்றுதான் பார்ப்பார்கள். மனுவை ஏற்றால் இயக்குநர் குழுவின் அதிகாரம் அன்றோடு போச்சு.

ஆனால் எதிராளி அசரவில்லை என்றால்? நோட்டீஸுக்கு முன்பே அவர் அனுப்பிய ஒரு மெயில் போதும்: "மூன்றாவது லாட்டில் காற்றோட்டை, டெபிட் நோட் வரும்." அதாவது வார்ப்பில் குறை, பில்லில் பிடித்தம். நிஜமான தகராறு முன்பே இருந்தால் மனு நிற்காது என்று 2017-ல் மொபிலாக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2022-ல் எச்பிசிஎல் பயோஃப்யூயல்ஸ் வழக்கில் இன்னும் வெளிப்படையாகவே சொன்னது: தகராறுள்ள பாக்கிக்காக நன்றாக இருக்கும் கம்பெனியைத் தண்டிக்க வந்த சட்டம் இல்லை இது.

ஜெயித்தாலோ இன்னும் மோசம். எல்லா வசூலுக்கும் தடை விழும். கடன் கொடுத்தவர்கள் குழுவில் பேங்குகளுக்குத்தான் ஓட்டு, சரக்கு தந்தவருக்கு இல்லை. மிஞ்சுவதில் நம் முறை கடைசிப் பக்கம். அடுத்த ஆர்டர் தர வேண்டிய வாடிக்கையாளரும் போய்விடுவார்.

சிறு, குறு தொழில்களின் பாக்கித் தகராறைத் தீர்க்கும் வசதியாக்க கவுன்சில் இந்த மிரட்டல் எதுவும் இல்லாத இடம். உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, சரக்கு அனுப்பும் முன்பே இருப்பது பாதுகாப்பு. அப்புறம் கணக்கு நம் பக்கம்: 45 நாள் கெடு தாண்டினால் ரிசர்வ் பேங்க் அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. தீர்ப்பை எதிர்த்துப் போக பாக்கி வைத்தவர் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டியாக வேண்டும். 90 நாளில் முடிய வேண்டும் என்பது காகிதத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் இழுக்க இழுக்க வட்டி ஏறுவது அவர் தலையில்.

பதிவு இல்லாதவருக்கு வணிக நீதிமன்றம் உண்டு. கையெழுத்திட்ட பாக்கி உறுதிக் கடிதம் இருந்தால் நீண்ட விசாரணை இல்லாமல் தீர்ப்புக் கேட்கும் சுருக்க வழக்கு போடலாம்.

என் ஓட்டு கவுன்சிலுக்கு. அதே கம்பெனியில் சம்பளம் நின்று, கரண்ட் பில்லும் கட்டாமல் கிடந்தால் மட்டும் திவால் மனுவைப் பற்றி யோசிப்பேன்.