கிளாஸ் முழுக்க வேலன்டைன் கார்டு: எந்த பேப்பர், எந்த பசை வாங்கலாம்

அமெரிக்காவுல கிண்டர்கார்டன், ஃபர்ஸ்ட் கிரேடு படிக்கிற பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்காக இதை எழுதுறேன். பிப்ரவரி பொறந்தா டீச்சர்கிட்டருந்து கிளாஸ் லிஸ்ட் வந்துடும், வேலன்டைன்ஸ் டேக்கு கார்டு கொண்டுவந்தா எல்லாருக்கும் கொண்டுவரணும், ஒரு பிள்ளையையும் விடக்கூடாதுன்னு, நிறைய ஸ்கூல்ல நட் அலர்ஜி இருக்கிறதால மிட்டாயும் வேணாம்னு சொல்லிடுவாங்க. கடையில பாக்ஸ் பாக்ஸா பிரின்ட் பண்ண கார்டு கிடைக்கும்தான். ஆனா ஆறு வயசுப் பிள்ளை தானே வெட்டி ஒட்டி தன் கையெழுத்துல ஃப்ரெண்ட் பேரை எழுதிக் கொடுக்கிறது எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதுக்கு பெரிய செலவும் இல்ல.

முதல்ல பேப்பர், காசு போடுறதா இருந்தா இதுலதான் போடணும். மலிவான கன்ஸ்ட்ரக்ஷன் பேப்பர், அதாவது கைவேலைக்கு வாங்குற தடிச்ச கலர் பேப்பர், சொரசொரன்னு இருக்கும், மடிச்ச இடத்துல நார் நாராப் பிரியும், ஜன்னல் பக்கம் வச்சா சிவப்பு வெளுத்துடும். ட்ரூ-ரேன்னு ஒரு பிராண்டு இருக்கு, சல்ஃபைட் பேப்பர்னு சொல்ற உறுதியான ரகம், 9க்கு 12 இன்ச், 50 ஷீட் ஒரே கலர்ல வரும், மடிச்சா சுத்தமா நிக்குது, கலரும் சீக்கிரம் மங்காது. பல கலர் சேர்ந்த பெரிய பேக் வாங்குனீங்கன்னா சிவப்பும் பிங்க்கும் சட்டுனு தீர்ந்துடும், பிரவுனும் கறுப்பும்தான் மிச்சம் கிடக்கும், அதனால சிவப்புல ஒண்ணு பிங்க்ல ஒண்ணு தனியா வாங்குங்க. ஒரு ஷீட்டை நாலா வெட்டி ஒவ்வொண்ணையும் மடிச்சா நாலு கார்டு, 24 பேர் இருக்கிற கிளாஸுக்கு ஆறே ஷீட்ல வேலை முடியுது.

ஹார்ட் வெட்ட பேப்பரை மடிச்சு, மடிப்பு ஓரமா பாதி மாங்காய் மாதிரி வரையச் சொல்லுங்க. வெட்டும்போது கத்திரியைத் திருப்பக்கூடாது, பேப்பரைத்தான் திருப்பணும், இது பிடிபட்டுட்டா பிள்ளை தானா வெட்டும். ஃபிஸ்கார்ஸ் அஞ்சு இன்ச் மொட்டை முனை கத்திரி இதுக்கு நல்லாவே போதும்.

பசைக்கு எல்மர்ஸ் பர்ப்பிள் க்ளூ ஸ்டிக்தான் என்னோட ஓட்டு. தடவும்போது ஊதாவா தெரியும், காஞ்சதும் கலர் போயிடும். மூலையில தடவாம விட்ட இடம் பளிச்சுன்னு தெரியுது, யாரும் சொல்லாமலே பிள்ளை திரும்ப ஸ்டிக்கை எடுத்துப் போய் அங்க தேய்க்குது. வெள்ளை பாட்டில் பசை வேணாம், பேப்பர் நெளிஞ்சு போயிடும்.

மார்க்கர் கிரயோலா வாஷபிள், டிரெஸ்ல பட்டாலும் துவைச்சா போயிடுது. சிவப்புப் பேப்பர் மேல மட்டும் எழுத்து எடுக்காது, வெள்ளைத் துண்டுல பேரை எழுதி ஒட்டிடுங்க.

வெள்ளை லேஸ் மாதிரி ஓட்டை ஓட்டையா வெட்டின பேப்பர், டாய்லின்னு கிடைக்கும், கார்டுல ஒட்ட அதைக் கட்டாயம் வாங்குங்க. இந்த லேஸ் கார்டுக்கு இங்க பெரிய பாரம்பரியமே இருக்கு, மாசசூசெட்ஸ்ல வூஸ்டர் ஊர்ல எஸ்தர் ஹவ்லண்ட்னு ஒரு பொண்ணு, 1847ல படிப்பை முடிச்சுட்டு, லேஸ் பேப்பர் ஒட்டி வேலன்டைன் பண்ணி வித்தாங்க, அப்பாவோட ஸ்டேஷனரி வியாபாரம் கைகொடுத்துச்சு, பொண்ணுங்க வரிசையா உக்காந்து ஆளுக்கொரு வேலையா ஒட்டுற அளவுக்கு அது வளந்துச்சு. உங்க டைனிங் டேபிள்லயும் அதே முறையை வச்சுக்கலாம், ஒரே நாள்ல எல்லா ஹார்ட்டும் வெட்டிடுங்க, மறுநாள் ஒட்டுற வேலை, பேர் எழுதுறது கடைசியா.

வேணாம்னு சொல்றது ரெண்டு. ஒண்ணு உதிரி கிளிட்டர், கார்பெட்ல விழுந்தா அடுத்த தீபாவளிக்கும் மினுக்கும். இன்னொண்ணு எல்லாம் முன்னாடியே வெட்டி வர்ற ஃபோம் ஸ்டிக்கர் கிட். ஒரு கடையில வாங்கினோம், பின்பக்கப் பேப்பரை உரிக்கப் பிள்ளை நகத்துக்கு வரல, பாதிக்கு மேல நாங்களே உரிச்சுக் கொடுத்தோம், கடைசியில எல்லா கார்டும் ஒரே மாதிரி இருந்துச்சு, பிள்ளை பண்ணதுன்னு எதுவுமே அதுல தெரியல. ஊர்ல இருக்கிற தாத்தா பாட்டிக்கு ஒண்ணு அனுப்பணும்னாலும் ஃபோம் மேடு இல்லாத தட்டை கார்டுதான் நல்லது, மேடு பள்ளமா இருந்தாலோ கவர் சதுரமா இருந்தாலோ போஸ்ட் ஆபீஸ்ல கூடுதல் காசு கேப்பாங்க.

பேப்பர், பசை எல்லாம் இப்பவே வாங்கிடுங்க. டாய்லி மட்டும் இந்த வருஷத்துக்கு ஒரு சின்ன பேக் போதும், பிப்ரவரி 14 முடிஞ்ச மறுநாளே கடையில விலையைக் குறைச்சுடுவாங்க, அடுத்த வருஷத்துக்கு அப்ப வாங்கி வச்சுக்கலாம்.