பேசுவதா, தட்டுவதா? இணையவழி மனநல உதவியில் நான் பிடித்துக்கொண்டது

சிங்கப்பூரில் பாலிடெக்னிக் கடைசி ஆண்டு, புராஜெக்ட் கொடுக்கும் நாள் நெருங்க நெருங்க நெஞ்சு படபடப்பும் தூக்கமின்மையும் சேர்ந்துகொண்டன. அப்போது மூன்று வழிகளை மாறி மாறிப் பார்த்தேன்: செயலிக்குள் பதில் சொல்லும் சாட்பாட், ஆலோசகரோடு தட்டச்சில் உரையாடல், காசு கட்டும் வீடியோ ஆலோசனை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் தட்டச்சுக் கட்சி.

சாட்பாட் எந்நேரமும் விழித்திருக்கும், பெரும்பாலும் இலவசம், மூச்சுப் பயிற்சியெல்லாம் பொறுமையாகச் சொல்லித்தரும். சரி. ஒரு நாள் ஆங்கில எழுத்தில் 'மனசு பாரமா இருக்கு' என்று அடித்தேன், புரியவில்லை, வேறு மாதிரி சொல்லுங்கள் என்றது. வேறு மாதிரி சொல்லத் தெரிந்திருந்தால் அந்த நேரத்தில் அதனிடம் ஏன் போகிறேன்?

வீடியோ ஆலோசனையில் வாராவாரம் அதே முகம். அது பெரிய விஷயம், மறுக்கவில்லை. தனியாரிடம் ஒரு மணி நேரத்துக்கு நூறு சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் போய்விடும் என்பதைக்கூட டியூஷன் சொல்லிக்கொடுத்துச் சமாளித்திருப்பேன். என்னால் முடியாமல் போனது வேறு.

எங்களுடையது நாலறை வீடு. என் அறையில் பாட்டியும் படுக்கிறார். வரவேற்பறையில் அப்பாவின் வசந்தம் டிவி, சமையலறையில் அம்மா, கதவைச் சாத்தினால் "என்ன சாத்தல்?" என்று ஒரு குரல். பாட்டிக்கு மனநலம் என்றாலே இன்னும் வுட்பிரிட்ஜ் மனநல மருத்துவமனைதான், அந்தப் பெயர் மாறி முப்பது வருஷம் ஆனாலும். முதல் வீடியோ அமர்வுக்குக் கீழே வாய்ட் டெக்கில், அதாவது புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில், போய் உட்கார்ந்தேன். பக்கத்து மேசை அங்கிள்கள் சதுரங்கத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். நாற்பது நிமிடமும் "ம்", "பரவாயில்லை" என்றே பேசி முடித்தேன். தட்டச்சுக்குச் சத்தம் கிடையாது. பாட்டி குறட்டை விட்டுக்கொண்டிருக்க, போர்வைக்குள் திரை வெளிச்சத்தைக் குறைத்து வைத்து, அதுவரை யாரிடமும் சொல்லாததை எழுதினேன், அழுதுகொண்டேகூட எழுதலாம், குரல் உடைந்தது எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. (தெரியாததில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, அவர் கேட்டால்தான் சொல்வோம்.)

நான் பயன்படுத்திய சேவைக்கு நேரக்கட்டுப்பாடு இருந்தது, இரவு இரண்டு மணிக்கு ஆள் இல்லை. இப்போது 2025 ஜூனில் தொடங்கிய தேசிய மனநல உதவி எண் 1771 இருக்கிறது: 24 மணி நேரமும் தொலைபேசி, வாட்ஸ்அப், இணைய உரையாடல் மூன்றும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் இந்த ஒப்பீடெல்லாம் வேண்டாம், தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்ஸின் 1767, வாய் வராவிட்டால் அவர்களுடைய வாட்ஸ்அப் 9151 1767, உடனடி ஆபத்தென்றால் ஆம்புலன்ஸுக்கு 995.

தட்டச்சில் எனக்குக் கடுப்பேற்றியது ஒன்றுதான்: ஒவ்வொரு முறையும் வேறு ஆள், மறுபடி முதலிலிருந்து கதை. மூன்றாவது முறை ஒரு வழி கண்டுபிடித்தேன். எப்போது தொடங்கியது, எத்தனை மணி நேரம் தூங்குகிறேன், எதையெல்லாம் தவிர்க்கிறேன், போனமுறை என்ன செய்யச் சொன்னார்கள் என்று போனில் ஐந்து வரிக் குறிப்பு. உரையாடல் திறந்ததும் அதை ஒட்டிவிடுவேன்.

எனக்கு வந்தது மனப்பதற்றம். மனச்சோர்வில் படுக்கையை விட்டே எழ முடியாதவருக்குத் தட்டச்சு போதுமா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. உரையாடலில் மருந்து எழுதித்தர மாட்டார்கள், நோய் இன்னதென்று உறுதி செய்யவும் மாட்டார்கள். அதற்குப் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மருத்துவரைப் பார்க்க வேண்டும், 16 முதல் 30 வயதுக்காரர்கள் முதலில் மனநலக் கழகத்தின் சாட் (CHAT) என்ற இளையர் பிரிவில் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். நானும் கடைசியில் நேரில் போனேன். எதிரில் உட்கார்ந்ததும் வாய் வரவில்லை. போனைத் திருப்பி அந்த ஐந்து வரியைக் காட்டினேன், எதிரில் இருந்தவர் படித்து முடிக்கும்வரை.