அறுகம்பை மெயின் பாயிண்ட்: அலை முன்னறிவிப்பைப் பல சீசன் பயன்படுத்திய அனுபவம்

மட்டக்களப்பிலிருந்து, இலங்கையின் கிழக்குக் கரையில் அலைச்சறுக்குக்கு (சர்ஃபிங்) பேர்போன அறுகம்பைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். வெளிச்சம் வரும்போது தண்ணீரில் இருக்க வேண்டுமென்றால் இரவு மூன்று மணிக்கே வண்டியை எடுக்க வேண்டும். லீவு போடுவதா, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதா, பெட்ரோல் அடிப்பதா என்பதையெல்லாம் முதல் நாள் இரவு கைப்பேசியில் அலை முன்னறிவிப்புச் செயலி காட்டும் நாலைந்து எண்கள்தான் தீர்மானிக்கின்றன. ஏப்ரலில் தொடங்கி அக்டோபர் வரை, பல சீசன்களாக அந்த எண்களைப் பார்த்து, போய் அலையோடு ஒப்பிட்டு, ஒரு கொப்பியில் குறித்து வருகிறேன். எந்த எண்ணை நம்பலாம், எதை விட்டுவிடலாம் என்று இப்போது ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும்.

எந்தச் செயலி என்பது பெரிய விஷயமில்லை. பெரும்பாலான செயலிகளுக்கு அடியில் ஓடுவது ஒரே சில கணினி மாதிரிகள்தான். ஒன்று அமெரிக்க அரசின் வானிலை, கடல் ஆய்வு நிறுவனமான நோவா நடத்தும் ஜிஎஃப்எஸ்; 2021இலிருந்து வேவ்வாட்ச் என்ற அலை மாதிரியும் அதோடு இணைந்தே ஓடுகிறது. இன்னொன்று ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையத்தின் ஈசிஎம்டபிள்யூஎஃப். நிறமும் படமும் நட்சத்திரமும் செயலிக்குச் செயலி மாறும், அடிக்கணக்கு அதிகம் மாறாது. நான் பார்ப்பது ஸ்வெல்லை, அதாவது தொலைவில் பிறந்து ஓடி வரும் அலைக்கூட்டத்தை, தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் செயலி. அந்த வசதி இல்லாத செயலி அறுகம்பைக்கு உதவாது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதலில் அறுகம்பையின் முக்கிய அலையிடமான மெயின் பாயிண்ட்டைப் பற்றி. முனையைச் சுற்றி வளைந்து வந்து வலப்பக்கமாக உடையும் அலை அது. அடியில் முருகைக்கல்லும் பாறையும். நம்முடைய மீனவர்கள் பார் என்று சொல்வார்களே, அதுதான். மணல் அடியாக இருந்தால் ஒவ்வொரு மாரிக்கும் திட்டு இடம் மாறும். வடக்கே பொத்துவில் பாயிண்ட்டில் அதுதான் நடக்கிறது. போன வருடம் நன்றாக ஓடிய இடத்தில் இந்த வருடம் அலை ஒரேயடியாக உடைந்து மூடிக்கொள்ளும். பார் அப்படி இடம் மாறுவதில்லை. அதே உயரம், அதே இடைவெளி (ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில் போகும் வினாடிகள்), அதே திசை, அதே நீர்மட்டம் வந்தால் அலையும் ஏறக்குறைய அதேபோல உடைகிறது. செயலி சொல்வது ஆழ்கடலில் அலை எப்படி இருக்கும் என்பதை மட்டும்தான். பாருக்கு வந்து சேரும்போது அது என்னவாகும் என்று அதற்குத் தெரியாது. அந்தப் பாதி வேலையை நாம் செய்ய வேண்டும். பார் அசையாததால் அதைச் செய்யவும் முடிகிறது. நான் கொப்பி வைத்திருப்பது இதற்காகத்தான்.

சரி, எண்களுக்கு வருவோம்.

எல்லோரும் முதலில் பார்ப்பது அலை உயரம். பெரிய எழுத்தில் நடுவில் போட்டிருப்பார்கள். அறுகம்பையைப் பொறுத்தவரை திரையில் உள்ளவற்றில் குறைவாக நம்ப வேண்டியது அதைத்தான். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்று இலங்கையின் தெற்கையும் மேற்கையும் போட்டு அடிக்கிறது. அந்தக் காற்று எழுப்பும் குட்டை அலைகளும் தெற்குக் கடலில் இருந்து வரும் ஸ்வெல்லும் சேர்ந்ததுதான் திரையில் தெரியும் மொத்த உயரம். ஒரு நாள் 2.1 மீட்டர் என்று காட்டியது. பிரித்துப் பார்த்தால் அதில் பெரும்பகுதி 8 வினாடி இடைவெளி, 230 டிகிரியிலிருந்து, அதாவது தென்மேற்கிலிருந்து. தீவின் மறுபக்கத்துக் காற்றலை. மெயின் பாயிண்ட்டில் அன்று முழங்காலளவுகூட நிலையாக வரவில்லை. அதே மாதத்தில் இன்னொரு நாள் மொத்தம் 1.4 மீட்டர்தான். ஆனால் உள்ளே 1.2 மீட்டர், 16 வினாடி, 190 டிகிரி என்று ஒரு ஸ்வெல் இருந்தது. அன்று செட் அலைகள், அதாவது கூட்டமாகச் சேர்ந்து வரும் பெரிய அலைகள், தலைக்கு மேலே போயின. உயரத்தை மட்டும் பார்த்தவர்கள் முதல் நாள் வந்திருப்பார்கள், இரண்டாம் நாள் வீட்டில் இருந்திருப்பார்கள்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் இடைவெளி. ஆழ்கடலில் 8 வினாடி அலையின் நீளம் சுமார் 100 மீட்டர். 16 வினாடி என்றால் சுமார் 400 மீட்டர். இடைவெளி இரட்டித்தால் நீளம் நான்கு மடங்கு. அலை தன் நீளத்தில் பாதி ஆழத்துக்கு வரும்போதுதான் கடலடியை உணரத் தொடங்கும். குட்டை அலை 50 மீட்டர் ஆழத்தில் உணர்கிறது. நீண்ட அலை 200 மீட்டர் ஆழத்திலேயே உணர்ந்து, வேகம் குறைந்து, கரையின் வடிவத்துக்கு ஏற்ப வளைய ஆரம்பித்துவிடுகிறது. அறுகம்பையில் அலை முனையைச் சுற்றி வளைந்துதான் உள்ளே வர முடியும். வளையத் தெரியாத அலை கிழக்கே நேராக ஓடிப் போய்விடும். அதனால் நான் இடைவெளியைத்தான் முதலில் பார்க்கிறேன். 11 வினாடிக்குக் கீழே என்றால் அந்த இரவு நிம்மதியாகத் தூங்குகிறேன். 14க்கு மேலே போனால் உயரம் 0.9 மீட்டராக இருந்தாலும் போகலாம்.

இன்னொன்றையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. திரையில் போடும் உயரம் எல்லா அலைகளின் சராசரி இல்லை. உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி அது. ஆகவே அதைவிடப் பெரிய அலை நிச்சயம் வரும். எப்போதாவது ஒன்று ஏறக்குறைய இரண்டு மடங்காகவும் வரும். கரையில் ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு "இன்றைக்குச் சின்னது" என்று இறங்கக் கூடாது என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். இடைவெளி நீண்ட நாளில் செட்டுக்குச் செட் கால் மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டி வரும். நடுவில் கடல் குளம் மாதிரிக் கிடக்கும்.

திசை. என் கொப்பியின்படி 180 முதல் 200 டிகிரி வரை, அதாவது ஏறக்குறைய நேர் தெற்கிலிருந்து வந்தால் மெயின் பாயிண்ட் மிக நன்றாக வேலை செய்கிறது. 220ஐத் தாண்டினால் 16, 17 வினாடி இருந்தால்தான் கொஞ்சமாவது வளைந்து வருகிறது. கிழக்குக் கலந்த ஸ்வெல் சீசன் நடுவில் அபூர்வம்.

முன்னறிவிப்பில் எனக்கு மிகவும் பிடித்ததும், இத்தனை காலத்தில் அதிகம் பொய்க்காததும் ஸ்வெல் வரும் நாள். இங்கே வரும் நல்ல ஸ்வெல் தெற்கே 40, 50 டிகிரி அட்சங்களில், கெர்கெலன் தீவுகள் பக்கம் வீசும் புயல்களில் பிறக்கிறது. 16 வினாடி அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு சுமார் 45 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். கெர்கெலனிலிருந்து நமக்கு 6,000 கிலோமீட்டருக்கு மேல். ஆக ஐந்தரை, ஆறு நாள் பயணம். புயல் அடித்து முடிந்துவிட்டது, அலை கிளம்பிவிட்டது என்றால் மாதிரி அதை நன்றாகவே கணக்கிடுகிறது. அரை நாள் முன்னே பின்னே இருக்கலாம்.

நீண்ட இடைவெளி அலைகள் வேகமாக ஓடுவதால் அவை முதலில் வந்து சேரும். அதனால் பெரிய ஸ்வெல்லின் முதல் அடையாளம் திரையில் மிகச் சிறியதாக, மூன்றாவது ஸ்வெல் என்ற வரியில், 0.3 மீட்டர் 19 வினாடி என்று வந்து நிற்கும். அந்த வரியைக் கண்டால் எனக்கு இரண்டு நாளைக்கு வேறு வேலை ஓடாது. முதல் நாள் 19, மறுநாள் 17, அடுத்த நாள் 15 என்று இடைவெளி இறங்கிக்கொண்டே வரும், உயரம் ஏறிக்கொண்டே வரும். என் கணக்கில் இரண்டாம் நாள்தான் மெயின் பாயிண்ட்டின் நாள்.

பத்து நாள், பதினாறு நாள் என்று நீளும் முன்னறிவிப்பை நான் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். ஜிஎஃப்எஸ் 16 நாள் வரை காட்டும். ஆனால் எட்டாம் நாளுக்கு அப்பால் காட்டும் ஸ்வெல் பெரும்பாலும் இன்னும் உருவாகாத புயலிலிருந்து வருவது. புயலே மாதிரியின் ஊகம் என்றால் அதன் அலை ஊகத்தின் ஊகம். இதற்காகவே சந்தா கட்டச் சொல்லும் செயலிகள் உண்டு. ஒரு சீசன் கட்டிப் பார்த்தேன். மணிவாரியான விவரம் அழகாக இருந்தது, ஆனால் வண்டியை எடுப்பதா வேண்டாமா என்ற முடிவை அது ஒரு முறையும் மாற்றவில்லை. இலவசத்துக்கே திரும்பிவிட்டேன்.

காற்றுதான் பலவீனமான இடம். அறுகம்பையில் சீசன் காலத்து நல்ல காற்று கச்சான் காற்று. மேற்கே நிலத்தைத் தாண்டி வருவதால் அலையின் முகத்தை நிமிர்த்திப் பிடிக்கும். கெடுப்பது கடல்காற்று. நிலம் சூடேறியதும் தென்கிழக்கிலிருந்து புகுந்து அலையைக் கலைத்துவிடும். இந்த மாற்றம் பத்து மணிக்கா, பன்னிரண்டுக்கா என்பதில்தான் ஒரு நாளின் விதி இருக்கிறது. ஈசிஎம்டபிள்யூஎஃப் சுமார் 9 கிலோமீட்டர் கட்டத்திலும் ஜிஎஃப்எஸ் சுமார் 13 கிலோமீட்டர் கட்டத்திலும் கணக்கிடுகின்றன. முனையும் களப்பும் அறுகம்பைக் கரையில் உள்ள உல்லை ஊரும் அந்த ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். கரையோரத்தில் மணிக்கு மணி மாறும் காற்றை அவ்வளவு பெரிய கட்டத்தில் சரியாகப் பிடிக்க முடியாது. என் கொப்பியில் கடல்காற்று வந்த நேரம் முன்னறிவிப்புக்கு ஒரு மணி, இரண்டு மணி முன்பின்னாக இருக்கிறது.

இதற்கு எனக்குக் கிடைத்த நல்ல திருத்தம் உல்லையில் வலை இழுக்கும் ஒரு பெரியவர் சொன்னது. விடியற்காலையில் தோணிப் பக்கம் நின்று அவரிடம் கேட்டேன், "காக்கா (அண்ணா), இண்டைக்குக் கடல்காத்து எப்ப வரும்?" அவர் மேற்கே ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "கச்சான் பலமா நிக்கிது தம்பி. சுணங்கித்தான் வரும். ராவைக்குக் காத்தே இல்லாம வெக்கையா கிடந்தா வெள்ளெனவே வந்துரும்." அன்றிலிருந்து கொப்பியில் இரவுக் காற்றையும் குறிக்கிறேன். இரவில் மேற்குக் காற்று நிலையாக வீசிய நாட்களில் பதினொன்று, பன்னிரண்டு வரை அலை சுத்தமாக இருக்கிறது. அசையாத புழுக்கமான இரவுக்கு அடுத்த நாள் ஒன்பதரைக்கே கலைகிறது. எதிர்க்காற்று பலமாக இருந்தால் கடல்காற்று உள்ளே புகத் திணறும் என்பது அறிவியலும் சொல்வதுதான். இப்போது நான் இரவு பன்னிரண்டு மணிக்கு மாதிரி காட்டும் மேற்குக் காற்றின் வேகத்தைப் பார்க்கிறேன், மறுநாள் பகலுக்கு அது காட்டுவதைக் கண்டுகொள்வதில்லை.

இதே கச்சானில்தான் ஜூன் கடைசி, ஜூலையில் கதிர்காமப் பாதயாத்திரை போகிறவர்கள் பொத்துவிலைத் தாண்டி, பாணமை வழியாக உகந்தை முருகன் கோயிலுக்கு நடக்கிறார்கள். அந்த நாட்களில் தெற்கு வீதியில் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். புழுதி முழுவதும் அவர்கள் முகத்தில்தான் போகும்.

நீர்மட்டம். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இங்கே வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இல்லை என்பதால் பலர் அந்த வரியைத் தாண்டிப் போகிறார்கள். மணல் கரையில் பரவாயில்லை. பாரில் அப்படி இல்லை. மெயின் பாயிண்ட்டின் உள்பகுதியில் தண்ணீர் இடுப்பளவு நிற்கும் இடங்கள் உண்டு. அங்கே அரை மீட்டர் இறங்கினால் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றம் கூடுதலாக இருக்கும். அலை பின்வாங்கும் கணத்தில் கல்லின் பழுப்பு முதுகும், இடுக்குகளில் கடல் முள்ளெலிகளின் கறுப்பு முட்களும் கண்ணுக்குத் தெரியும். அந்த நேரத்தில் அலையை அதன் கடைசி வரை ஓட்டாமல் முன்பே வெளியேறிவிடுவேன். விழுந்தால் தலைகீழாகப் பாயாமல், தட்டையாக, பலகையைப் போல விழ வேண்டும். கல் கிழித்த காயத்தை உடனே நல்ல தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். சின்ன முருகைத் துணுக்கு உள்ளே இருந்தாலும் சீழ் வைக்கும். நீர்மட்டக் கணக்கு சந்திரனையும் சூரியனையும் வைத்துப் போடுவது என்பதால் அந்த வரியை ஒரு மாதம் முன்பே நம்பலாம். திரையில் மிக நம்பகமான எண் அதுதான்.

நட்சத்திரங்களை நான் பார்ப்பதில்லை. உயரத்தையும் காற்றையும் கலந்து போடும் மதிப்பெண் அது. யாருக்கு நல்லது என்ற கேள்வி அதில் இல்லை. 17 வினாடி ஸ்வெல் வரும் நாள் எனக்குத் திருவிழா, பலகையில் நிற்கப் பழகுகிறவருக்கு ஆபத்து.

ஆபத்து என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சர்ஃப் செயலி எச்சரிக்கை அமைப்பு இல்லை. இலங்கை வளிமண்டலவியல் திணைக்களம் மீனவர்களுக்கும் கடலோடிகளுக்கும் தமிழிலேயே அறிக்கை விடுகிறது. அதைத் தனியாகப் பாருங்கள். இந்தியக் கரையில் இருப்பவர்களுக்கு ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்கோயிஸ் கள்ளக்கடல் எச்சரிக்கை கொடுக்கிறது. எங்களுக்கு விளையாட்டாக வரும் அதே தெற்குக் கடல் ஸ்வெல்தான் அது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். எச்சரிக்கை முன்பே விடப்பட்டிருந்தது. மழையும் காற்றும் இல்லாத நல்ல வெயில் நாளிலும், தொலைவில் பிறந்த அலை கரையில் நிற்பவரை இழுத்துப் போகும். வானத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. இடைவெளி எண்ணைப் பார்த்தால்தான் தெரியும். அந்த எண்ணைப் படிக்கப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

புதிதாக வருகிறவர்கள் இரவில் இந்த வரிசையில் பாருங்கள்: பெரிய ஸ்வெல்லின் இடைவெளி, அதன் திசை, அப்புறம் உயரம், காலை வற்றம் எத்தனை மணிக்கு, நள்ளிரவு மேற்குக் காற்று. இடைவெளி 15ஐத் தாண்டியிருந்து நீங்கள் இன்னும் பழகுகிற நிலையில் இருந்தால் மெயின் பாயிண்ட்டைக் கரையிலிருந்து பார்த்து ரசித்துவிட்டு, உள்ளே பேபி பாயிண்ட்டுக்கோ வடக்கே விஸ்கி பாயிண்ட்டுக்கோ போய்விடுங்கள். அங்கேயும் அன்று உங்களுக்குப் போதுமான அலை இருக்கும்.